முனீஸ்வரனின் ஓரப் பார்வை

கைவேலைக்காரர்களைப் படம் பிடிக்கிற தொழிலில் வேலை செய்கிறவர் ஒருத்தர், வேர்க்கிறவன் இன்னொருத்தன்.

சிற்பி பாட்டுக்குச் சிலையைத் தட்டிக்கொண்டிருப்பார். எதிரே கேமராவோடு நிற்கிற நமக்குத்தான் உள்ளங்கை ஈரமாகும். பேட்டரி இறங்குகிறதா, வெயில் நகர்கிறதா, மைக்கில் பக்கத்து வீட்டு மிக்ஸி ஏறுகிறதா, இவர் இப்போது பார்த்தா வெற்றிலை போட எழுந்து போவார்? தாலி கட்டுகிற நேரத்தில் பேட்டரி செத்த அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால் நீங்கள் எனக்கு ரத்த சொந்தம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், சிரிக்காமல் படிக்க வேண்டும்.

நான் படித்த காலேஜ் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு. கேசட் கடையில் எடுபிடி, அப்புறம் கல்யாண வீடியோவுக்கு லைட் பிடிப்பது, அப்புறம் சொந்தக் கேமரா. அதட்டினால்தான் கல்யாண வீட்டில் சோறு கிடைக்கும் என்று கற்றுக்கொண்டதால் குரல் கொஞ்சம் பெரிசு. விட்டுக்கொடுத்தால் வேட்டியையும் உருவுவார்கள் என்று கற்றுக்கொண்டதால் பேரமும் கொஞ்சம் பெரிசு. இப்போது ஓவியர், டிசைனர், சிற்பி என்று வேலை செய்கிறவர்களை வைத்துப் பத்து நிமிஷப் படங்கள் எடுத்துத் தருகிறேன். புதுச்சேரியில் ஒரு கலை நிறுவனத்துக்கு அப்படி ஒரு வரிசை பேசி முடித்தேன். அங்கே பொறுப்பில் இருக்கிற மேடத்துக்கு ஒரே ஒரு பிடிவாதம். கடைசிப் படத்தில் சாமி சிலைக்குக் கண் திறக்கிற காட்சி இருந்தே ஆக வேண்டும். "ஆச்சு மேடம், முடிஞ்சுதுன்னு வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு கண்தான். இடது கண்ணைச் சின்ன வயதில் கிட்டிப்புள் கொண்டுபோய்விட்டது. கேமராவில் பார்க்க ஒரு கண் போதும் என்று அதையே பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான். மிச்சமிருந்த அந்தக் கண்ணும் போகப் பார்த்த கதைதான் இது.

வாணக்காரர் கொட்டாய்

முதல் படம் திண்டிவனத்துக்கு உள்ளடங்கின ஒரு ஊரில், திருவிழாவுக்கு வாணம் செய்கிறவரை வைத்து. மாரியம்மன் கோயிலுக்கும் அவர்தான், மாதா கோயில் தேருக்கும் அவர்தான். எந்த நிறத்துக்கு மேல் எந்த நிறம் விரிய வேண்டும் என்று ஆகாயத்துக்கே டிசைன் போடுகிற ஆள். கொட்டாய்க்குள் நுழையும் முன் செல்போன் வெளியே, செருப்பு வெளியே. என் சட்டைத் துணியை விரலால் உரசிப் பார்த்துவிட்டு அதுவும் வெளியே என்றார். பனியனோடு நின்றேன். லைட் போட வேண்டும் என்றதும்தான் சண்டை வந்தது. "இது எல்இடிங்க, சூடே ஆகாது, சும்மா பயப்படாதீங்க" என்று குரலை ஏற்றினேன். அவர் ஏற்றவில்லை. "தாராளமா போடுங்க சார். நான் சைக்கிள எடுத்துக்கினு அடுத்த ஊரு போய்ச் சேந்ததும் ஒரு குரல் குடுங்க, அப்பால போடுங்க" என்றார். கடைசியில் கேமராவும் கேமராமேன் அந்தோணியும் வாசலுக்கு வெளியே, நான் மட்டும் உள்ளே, வெளிச்சம் சூரியனுடையது என்று பேரம் படிந்தது.

அவர் குழாய்க்குள் மருந்து திணித்துக்கொண்டிருந்தார். நான் எதிரே குந்தியிருந்தேன். திடீரென்று அவர் கைக்கு மேலே கரும்பொடி மிதந்தது. நூல் நூலாக, கொசுக் கூட்டம் மாதிரி. "மருந்து பறக்குது! எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று கத்தினேன். கொட்டாயில் இருந்தவர்கள் வரப்பைத் தாண்டி ஓடினார்கள். அந்தோணி கேமராவை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். அவன் கேமராவை விட்டு ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். வாணக்காரர் மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டு, கையை அசைக்காமல், இருந்த இடத்திலேயே இருந்தார். வெகு நேரம் கழித்து முகமெல்லாம் வேர்வையாக வெளியே வந்தார். உள்ளே ஒரு பொட்டுத் தூசி பறக்கவில்லை. எனக்கு மட்டும் வயல் மேலும், பனை மேலும், வெறும் ஆகாயத்திலும் அந்தக் கரும்பொடி மிதந்துகொண்டே இருந்தது. அதைச் சொன்னேன். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "தூசி என் கொட்டாயில இல்ல சார், உங்க கண்ணுக்குள்ள இருக்குது. அங்க வந்து பெருக்க என்கிட்ட தொடப்பம் இல்ல."

படியாத பேரம்

புதுச்சேரியில் கண் டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, இருட்டு அறையில் உட்கார வைத்து, ஒரு விளக்கை என் கண்ணுக்குள் விட்டுத் தேடு தேடென்று தேடினார். சர்க்கரை ஏறி, கண்ணுக்குப் பின்பக்கம் ரத்தம் கசிகிறது என்றார். ஊசி போட வேண்டும் என்றார். "கையிலயா, இடுப்புலயா?" என்று கேட்டேன். "கண்ணுல" என்றார். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

எனக்குப் பயம் வந்தால் வாய் தானாகப் பேரம் பேச ஆரம்பித்துவிடும். ஊசிக்குப் பதிலாக மாத்திரை ஆகாதா என்றேன். ஆகாது. ஒரே ஊசியோடு முடித்துக்கொள்ளலாமா என்றேன். போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாமா என்றேன். முடியாது. கடைசியில் ஒரே ஒரு வாரம் இறங்கி வந்தார். அந்த வாரத்துக்குள்தான் கண் திறப்புப் படப்பிடிப்பும் இருந்தது. அதுவும் சும்மா இறங்கவில்லை. "திடீர்னு மங்கலாச்சுன்னா, திரை விழுந்த மாதிரி இருந்துச்சுன்னா, சோறு தின்னுக்கிட்டு இருந்தாலும் கை கழுவாம ஓடி வரணும்" என்று மிரட்டித்தான் அனுப்பினார். வாசல் வரைக்கும் போனவன் மனசு கேட்காமல் திரும்பி வந்து, இன்னும் இரண்டு நாள் சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் எழுதுவதை நிறுத்தாமலே சொன்னார்: "இது கத்திரிக்கா இல்லங்க, போனா அடுத்த சந்தையில வாங்கிக்க."

ஆரி ஊசி

வீட்டில் மனைவி செல்வியிடம் சொல்லவில்லை. அந்தோணியிடமும் சொல்லவில்லை. தினம் காலையில் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் டீ கிளாஸோடு நின்று, தூரத்தில் வருகிற பஸ்ஸின் போர்டைப் படிப்பேன். செஞ்சி, திருவண்ணாமலை, திண்டிவனம். படித்துவிட்டால் அன்றைக்குப் பிழைத்தேன். ஒரு நாள் ஒரு பஸ் ரொம்பக் கிட்டே வந்தும் படிக்க முடியாமல் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன். அப்புறம் பார்த்தால் அது போர்டே மாட்டாத பஸ். டிரைவரோடு சண்டைக்குப் போனேன். அவருக்கு ஏன் என்றே புரியவில்லை.

அந்த வாரத்தில்தான் கோட்டக்குப்பத்தில் நூர்ஜஹானின் பட்டறையில் படம் பிடித்தோம். கல்யாண ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை டிசைன் செய்கிறவர். துபாயில் இருக்கிற மணப்பெண்களே போனில் வரிசையில் நிற்பார்கள். மரச் சட்டத்தில் துணியை மத்தளம் மாதிரி இழுத்துக் கட்டி, கொக்கி வைத்த ஊசியை மேலும் கீழுமாக ஓட்டுகிறார். கையைப் பார்த்தால் கை தெரியாது, அவ்வளவு வேகம். மேடத்துக்கு ஊசி முனை வேண்டும் என்று அந்தோணி கிட்டப் பிடிக்கிற லென்ஸை மாட்டி, எனக்கு முன்னால் ஒரு மானிட்டரையும் வைத்தான். மானிட்டரில் ஊசி கடப்பாரை அளவுக்கு இருந்தது. வழவழவென்று இறுக்கிக் கட்டின வெள்ளைப் பட்டில் அது இறங்கியது. 'பொத்' என்று ஒரு சின்னச் சத்தம். ஏறியது. மறுபடியும் இறங்கியது. மூன்றாவது முறை இறங்கியதை நான் பார்க்கவில்லை. கண் விழித்தபோது முகத்தில் தண்ணீர், தலைக்கடியில் ஒரு துணி மூட்டை, பட்டறைப் பெண்கள் எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள். நூர்ஜஹான் கையில் ஊசியை வைத்துக்கொண்டே குனிந்து கேட்டார்: "நான் துணியத்தானே குத்துறேன், உங்களுக்கு எங்கண்ணே வலிக்குது?"

ஒரு சாண் பேரம்

கண்டாச்சிபுரம் பக்கத்தில் ஒரு ஊரில் புது முனீஸ்வரன். உட்கார்ந்த கோலத்தில் பனை உயரம், முறுக்கு மீசை, மடியில் அரிவாள். சிமென்ட்டும் சுதையுமாகக் கட்டி எழுப்பியவர் தண்டபாணி. அடுத்தடுத்து மூன்று ஊரில் வேலை ஒப்புக்கொண்டிருக்கிற ஆள், என்னைவிடக் கோபக்காரர். சிலை முழுக்க வர்ணம் அடித்தாகிவிட்டது. கண் மட்டும் வெள்ளையாக இருந்தது. கருவிழி வைப்பதுதான் கண் திறப்பு. அதை வைக்கும்போது எதிரே ஒரு ஈ காக்கை இருக்கக் கூடாது. முகத்துக்கு நேராக ஒரு நிலைக்கண்ணாடியைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, சிற்பி பக்கவாட்டில் நின்று கருவிழியை வைப்பார். சாமியின் முதல் பார்வை கண்ணாடியில், தன் முகத்திலேயே விழ வேண்டும். அப்புறம் பசுவும் கன்றும், அப்புறம் நெல் குவியல், அதற்கப்புறம்தான் மனுஷன்.

"கண்ணாடிக்குப் பதிலா கேமராவை வைங்க. அதுலயும் கண்ணாடிதானே இருக்குது?" என்று ஆரம்பித்தேன். "உன் கேமரா கண்ணாடி பாத்தத சும்மா உட்றுமா? புடிச்சு வெச்சுக்குமே" என்றார். ஆள் இல்லாமல் கேமரா மட்டும் நிற்கட்டும் என்றேன். முடியாது என்றார். இவ்வளவு பெரிய முனீஸ்வரன் இத்துனூண்டு கேமராவுக்கா கோவிச்சுக்குவார் என்று கத்தினேன். அவரும் கத்தினார். அப்புறம் குரலை இறக்கி, முன்னொரு கண் திறப்பில் எதிரே போய் நின்றுவிட்ட கூட்டாளி ஒருத்தனைப் பற்றிச் சொன்னார். "அவனுக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டேன். "ஒண்ணும் ஆவல. நல்லா சாப்புடுறான், வேலைக்குப் போறான். தூங்குறப்போ மட்டும் கண்ண மூட மாட்டேன்றான்." எனக்கு வலது கண் துடித்தது. இருந்தாலும் மேடத்துக்குச் சொன்ன வார்த்தை இருக்கிறதே. சாயங்காலம் வரைக்கும் பேசி, கண்ணாடிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, கேமரா தனியாக நிற்கலாம் என்று இறக்கினேன். தண்டபாணி கை நீட்டவில்லை, விரல் நீட்டினார். "மொதல் பார்வ கண்ணாடிக்கு. ஓரப் பார்வ உன் கேமராவுக்கு. அந்த ஓரப் பார்வைய அப்பால எவன் மொதல்ல போட்டுப் பாக்குறானோ, அவன் பாடு, அவரு பாடு, தம்பி."

யார் ஏரியா

அந்தோணி சாரத்தில் ஏறி கேமராவைக் கட்டினான். ஆனால் அதற்குள் கண்ணை வைத்து அந்த வெள்ளைக் கண்ணைப் பார்க்க மாட்டேன் என்றுவிட்டான். போகஸை யார் சரிசெய்வது? நான் ஏறிப் பார்த்தால் எனக்குக் கரும்பொடிதான் தெரியும், அதை அவனிடம் சொல்லவும் முடியாது. "ஆட்டோவுல போட்டுட்டு எறங்குடா, கேமராவே பாத்துக்கும்" என்று அதட்டினேன். என் அதட்டலுக்கு அடியில் இருந்தது பயம் என்று அவனுக்குத் தெரியாது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன், கழுத்தில் ஜெபமாலை போட்டிருக்கிறவன், உனக்கென்னடா முனீஸ்வரன் பயம் என்று கிண்டல் செய்தேன். அவன் ஏணியில் பாதி இறங்கி நின்று யோசித்துவிட்டுச் சொன்னான்: "மாதா என்னைக் கண்டிப்பா காப்பாத்துவாங்கண்ணா. ஆனா இது அவங்க ஏரியா இல்லியே."

முதுகுகள்

விடிகிற நேரம். சாரத்தில் படுதா கட்டியிருந்தது. கண்ணாடி கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தண்டபாணி ஈர வேட்டியோடு, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, பிரஷ்ஷோடு தனியாக மேலே ஏறினார். பம்பை மேளம் நின்றது. ஊர்ப் பெரியவர் ஒருத்தர் கையைத் தூக்கினார். அவ்வளவுதான், கூடியிருந்த ஜனம் முழுக்க ஒரே நேரத்தில் சிலைக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. பிள்ளைகளின் முகத்தைத் தாய்மார்கள் வயிற்றோடு அழுத்திக்கொண்டார்கள். நானும் திரும்பினேன். எதிரே மல்லாட்டைக் கொல்லை, கணுக்கால் உயரத்துக்கு வேர்க்கடலைச் செடி. வெளுக்கிற வானத்தில் என் கரும்பொடி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ வேலைகளைப் படம் பிடித்திருக்கிறேன், இவ்வளவு சத்தமில்லாத வேலையைக் கேட்டதில்லை. பின்னால் பனை உயரத்தில் ஒரு மனுஷன் பிரஷ்ஷைத் தொட்டு வைக்கிறான், அவன் கை நடுங்கினால் ஊரே கெட்டது. என் பிடரியில் யாரோ பார்க்கிற மாதிரி குறுகுறுத்தது. கழுத்தைத் திருப்பினால் என்ன ஆகும் என்று ஒரு மனசு. திருப்பித் தொலைக்காதே என்று கண்.

"தொறந்தாச்சு!" என்று மேலேயிருந்து குரல் வந்தது. பசுவும் கன்றும் போயின. நெல் கொட்டினார்கள். பம்பை முழங்கியது. ஜனம் திரும்பி, கத்தி, அழுது, கன்னத்தில் போட்டுக்கொண்டது. இரண்டு பெண்களுக்குச் சாமி வந்துவிட்டது. நான் மட்டும் திரும்பவில்லை. சூடத் தட்டோடு ஒரு அம்மாள் என்னைச் சுற்றிக்கொண்டு வந்து முன்னால் நின்றார். "இன்னா சார், சாமி கண்ணத் தொறந்துட்டாரு, நீங்க மல்லாட்ட கொல்லைய படம் புடிச்சிக்கினு இருக்கீங்களா?"

முதல் ரசிகர்

கேமராவிலிருந்து கழற்றின மெமரி கார்டு விழுப்புரத்தில் என் வீடியோ கடையில், மேசை டிராயரில் கிடந்தது. அதைப் போட்டுப் பார்க்க யாரும் வரவில்லை. எடிட்டிங் செய்கிற பையன் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் போனவன் போனை எடுக்கவில்லை. அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. மேடம் தினம் போன் செய்து, "அந்தக் காட்சி எப்படி வந்திருக்கு?" என்று கேட்டார். "பிரமாதம் மேடம்" என்று பார்க்காமலே சொன்னேன். அந்தோணிதான் யோசனை சொன்னான். சாமி வழக்கப்படி கண்ணாடிக்கு அப்புறம் பசுதானே, நாமும் முதலில் பசுவுக்கே காட்டிவிட்டால் என்ன?

நான் அவனைத் திட்டினேன். திட்டிக்கொண்டே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் அஞ்சலையம்மாவின் மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். கவிழ்த்த வாளியின் மேல் லேப்டாப். பசுவுக்கு முன்னால் படம் ஓடுகிறது. நானும் அந்தோணியும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். பம்பை நின்ற சத்தம் கேட்டது, "தொறந்தாச்சு" கேட்டது, அப்புறம் சளப் என்று ஒரு சத்தம். திரும்பினால் பசு திரையை மேலிருந்து கீழாக நக்கிக்கொண்டிருந்தது. கறக்க வந்த அஞ்சலையம்மா சொம்போடு நின்று எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "எம்மாட்டுக்கு சினிமாலாம் வேணாம்பா, புண்ணாக்கு இருந்தா குடு."

திரை

பசுவுக்கு ஒன்றும் ஆகவில்லை, மறுநாள் பாலும் குறையவில்லை. அதற்கு மேல் சாக்குச் சொல்ல முடியாது. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். அந்தோணி பக்கத்தில் நின்றான், திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு. மறுநாள் காலையில் ஊசி. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

படம் ஓடியது. முனீஸ்வரன் முகம் கண்ணாடித் துண்டு மாதிரி தெளிவு. என் கரும்பொடிக்கு நடுவிலும் மீசை மயிர் மயிராகத் தெரிந்தது. வெள்ளைக் கண். பக்கவாட்டிலிருந்து தண்டபாணியின் கை நீண்டது. பிரஷ் நுனியில் கருப்பு. விரல் ஒரு கணம் நின்றது. நுனி கண்ணைத் தொட்டது. அந்த நொடியில் எல்லாம் மங்கியது. முகம் போச்சு, மீசை போச்சு, வெறும் புகை.

டாக்டரம்மா சொன்ன திரை இதுதான். வந்துவிட்டது. "அந்தோணி, கண்ணு போச்சுடா" என்றேன். எழுந்ததில் நாற்காலி விழுந்தது. ஷட்டரில் தலையை இடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். காலில் செருப்பில்லை. இனி வ்யூபைண்டரில் எதைப் பார்ப்பேன், செல்வி முகத்தை எப்படிப் பார்ப்பேன், பஸ் போர்டைக்கூட யாரையாவது கேட்டுத்தான் ஏற வேண்டும் என்று புலம்பிக்கொண்டே எதிரே வந்த ஆட்டோவுக்குக் குறுக்கே கையை நீட்டி நின்றேன். அந்தோணி ஓடி வந்து பின்னாலிருந்து கட்டிப் பிடித்தான். அவனுக்கும் மூச்சு வாங்கியது. "அண்ணா, ஆட்டோக்காரன் சட்ட இன்னா கலருண்ணா?" என்றான். "காக்கி" என்றேன். "அவன் நெத்தியில?" "துன்னூறு." என்னை அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார வைத்துவிட்டு அவனும் உட்கார்ந்தான். "உங்க கண்ணு அப்படியேதான் இருக்குது. போனது போகஸுண்ணா."

கையெழுத்து

காற்றில் கண்ணாடி ஆடியிருக்கிறது. சரியாக அந்த நேரத்தில் அதன் விளிம்பு குறுக்கே வந்திருக்கிறது. ஆள் இல்லாத கேமரா, எது கிட்டத்தில் வந்ததோ அதைப் பிடித்துக்கொண்டு, முனீஸ்வரனை விட்டுவிட்டது. ஒரு மனுஷன் கண்ணை வைத்துக்கொண்டு நின்றிருந்தால் அப்படி நடந்திருக்காது. "தொறந்தாச்சு" வரைக்கும் புகைதான். திரும்பவும் எடுக்க முடியுமா? திறந்த கண்ணை மூடிவிட்டுத் திறக்கச் சொல்ல எந்த ஊரில் ஆள் இருக்கிறது?

மேடத்திடம் கத்தவில்லை, உள்ளதைச் சொன்னேன். அவர், சிலைக்கு முதுகைக் காட்டி நிற்கிற ஊரை அந்தோணி கீழே இன்னொரு கேமராவில் எடுத்திருந்தால் அதை வைத்து முடித்துக்கொள்ளலாம் என்றார். எடுத்திருந்தான். கண்ணை யாருமே பார்க்காத கண் திறப்புப் படமாக அது முடிந்தது. அப்புறம் தண்டபாணிக்குப் போன் போட்டு, சாயங்காலம் வரைக்கும் பேசி வாங்கின ஓரப் பார்வை இப்படிக் கைவிட்டுவிட்டதே என்று பொரிந்தேன். அடுத்த ஊரில் ஐயனார் குதிரைக்குச் சாந்து பூசிக்கொண்டிருந்தார் போல, கரண்டிச் சத்தம் நின்றது. "ஓரப் பார்வ தர்றேன்னு பேசிக்கினது நீயும் நானும். அவரு எங்க தம்பி கையெழுத்து போட்டாரு?"

மேல பாருங்க

ரோட்டில் நான் புலம்பியதையும், அப்புறம் பிளாட்பாரத்தில் ஊசியைப் பற்றிச் சொன்னதையும் அந்தோணி ஒரு வார்த்தை விடாமல் செல்வியிடம் ஒப்பித்துவிட்டான். மறுநாள் புதுச்சேரி பஸ்ஸில் ஏறியதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வழியில் வந்த ஒவ்வொரு ஊரையும் முறைத்தாள்.

உள்ளே படுக்க வைத்து, கண் இருக்கிற இடத்தில் மட்டும் ஓட்டை வைத்த துணியை முகத்தில் போட்டார்கள். இமையை விரித்து ஒரு கிளிப் மாட்டினார்கள். மூட நினைத்தேன், மூட முடியவில்லை. மேலே வட்டமாக ஒரு வெளிச்சம். ஆயுசு முழுக்க வேலை செய்கிற கைகளை எதிரே நின்று பார்த்தவன், முதல்முறையாக ஒரு வேலைக்கு அடியில் கிடந்தேன். "மேல பாருங்க. அசையக் கூடாது" என்றார் டாக்டரம்மா. அவர் கை பக்கவாட்டிலிருந்து வந்தது. அந்தக் கை நடுங்குமா என்று மட்டும்தான் நினைத்தேன். நடுங்கவில்லை. ஒரு அழுத்தம், அப்புறம் கண்ணுக்குள் கருப்பு மை கொட்டிய மாதிரி குமிழ் குமிழாகச் சுழன்றது. என் வாய் பேரம் பேசத் திறந்தது. பேச ஒன்றும் கிடைக்கவில்லை.

கட்டுப் போட்டு வெளியே உட்கார வைத்தார்கள். இடது பக்கம் எப்போதும் இருட்டு, இப்போது வலது பக்கமும் இருட்டு. செல்வியின் வளையல் சத்தம் மட்டும் பக்கத்தில் இருந்தது. அந்தச் சத்தம் எழுந்து போகிற மாதிரி இருந்தபோது கையை நீட்டினேன். போகவில்லை. டாக்டரம்மா வந்து கட்டை எடுத்தார். முதலில் புகை. புகைக்குள்ளிருந்து ஒரு மூக்குத்தி வந்தது, அப்புறம் மெதுவாக ஒரு முகம் வந்தது.

"இன்னா தெரியுது?" என்று கேட்டாள் செல்வி.

"நீதான்."

"நான் எப்படித் தெரியுறேன்?"

"மொறச்சிக்கினு."

முந்தானையால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டு எழுந்தாள். "அப்ப சரியாத்தான் தெரியுது. ஜல்தி எழுந்திரிங்க, விழுப்புரம் பஸ்ஸு போயிடப் போவுது."

இத்தனை வருஷத் தொழிலில் எதையும் எதிராளி சொன்ன விலைக்கு நான் வாங்கினதில்லை, பயத்தைத் தவிர.